ஹங்கேரிப் பையனும் மூன்றாம் நம்பர் சீட்டும்

கமா அண்ணன் மேல் எனக்கு இருபது வருஷமாக ஒரு வருத்தம் உண்டு. அவர் எங்களுக்குப் படித்துக் காட்டிய கதையைப் பற்றி எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் ஒரு தடவை கேட்டார். அது முதல் புத்தகம் படித்தபோது. "அஞ்சாவதோட நின்னவன்கிட்ட என்னத்தக் கேக்கறீங்க, வேலையப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. ஒருத்தன் ஒரு தடவை எரிந்து விழுந்தால் அதோடு விட்டுவிடுவதா? மறு தடவை கேட்டால் என்ன குறைந்துபோகும்? மற்றபடி அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பஸ்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை எங்களுடையது. எஞ்சின் பக்கம் ஒரு கூட்டம், தகரம் தட்டும் பக்கம் ஒரு கூட்டம். பெயின்ட் கொட்டகைக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் சீட் செக்‌ஷன். கிழிந்த சீட்டுகள் வரும். உரித்து, ஸ்பாஞ்சு மாற்றி, புது ரெக்சின் போட்டுத் தைத்து அனுப்புவோம்.

ஐந்து பேர் இருந்தோம். தையல் மெஷினில் அக்கா. ஒரே மகனைத் தனியாக நின்று வளர்த்தவர். அவன் வெளியூர் வேலைக்குப் போய், நினைத்துக்கொண்டால் போன் பண்ணுவான். அடுத்து மைனர். பெற்ற அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவன், காலரில் கறை படாமல் பட்டறை வேலை பார்க்கத் தெரிந்த ஒரே ஆள். அப்புறம் மச்சான். எங்கள் யாருக்கும் அவன் மச்சான் இல்லை, கண்டவர்களையெல்லாம் மச்சான் என்று கூப்பிட்டதால் அந்தப் பெயர். நான் லெஃப்ட். எனக்கு எல்லாம் இடது கைதான். எங்களுக்கெல்லாம் மூத்தவர் கமா அண்ணன். "தண்ணி, கொஞ்சம், குடு" என்று நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அதனால் மச்சான் வைத்த பெயர் அது.

ஒரு நாள் கமா அண்ணன் தைத்துக்கொண்டிருந்த பச்சை ரெக்சினில் சிவப்பாக ஏதோ சொட்டியது. "அண்ணே, ரத்தம்" என்றான் மைனர். அவர் ரெக்சினைப் பார்த்தார், பிறகு விரலைப் பார்த்தார். வளைந்த ஊசி ஆள்காட்டி விரலுக்குள் கால் அங்குலம் போயிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. சர்க்கரை நோயில் இரண்டு கை விரல் நுனிகளும் மரத்துப் போய் மூன்று மாதமாகிவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மனைவிக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, எங்கள் நிறுவன ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். வயது முடிந்து ஓய்வு பெற்றால் குடும்பத்துக்குக் கடைசிவரை அங்கே வைத்தியம் உண்டு. கை வராது, கண் வராது என்று நடுவில் அனுப்பினால் அன்றோடு ஆஸ்பத்திரி அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அண்ணனுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

"பதினோரு மாசம்தானே, நாம தச்சுடுவோம்" என்றார் அக்கா. மறுநாளே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஒரு நாளைக்கு ஆளுக்கு நாலு சீட். தைத்தவன் சீட்டின் பலகையில் சாக்பீஸால் தன் நம்பரைப் போட வேண்டும். அண்ணன் நம்பர் மூன்று. அந்த மூன்றாம் நம்பர் சீட்டுகளுக்கு மெஷின் தையல் அக்கா போடுவார். ஸ்பாஞ்சு வெட்டி, அடியில் ஆணி அடிப்பது நான். ஓரத்துக் கைத்தையல் மைனரும் மச்சானும். அந்த ஓரத்தை நான் தொடக் கூடாது என்பது கண்டிப்பான ஏற்பாடு. வலது கைக்காரன் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும், நான் தைத்தால் மறு பக்கம் சாயும். துணி தைக்கத் தெரிந்தவன் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

சும்மா உட்கார்ந்து எங்கள் உழைப்பை வாங்கிக்கொள்ள அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கைவேலைதான் பார்ப்போம், சத்தம் இருக்காது. அந்த நேரத்தில் அவர் ஜன்னலோரம் ஒரு டிரம்மில் உட்கார்ந்து, மடியில் பாதி தைத்த சீட்டை வைத்து, அதற்குள் புத்தகத்தை விரித்துப் படிக்க ஆரம்பித்தார். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் மச்சான் இருமுவான். அந்த வருஷம் அவன் இருமிய இருமலுக்கு டி.பி. என்றே பெயின்ட் கொட்டகையில் பேசிக்கொண்டார்கள்.

முதல் புத்தகம் ஒரு ராஜா கதை. மூன்றே நாளில் அக்கா கொட்டாவி விட்டார். இரண்டாவதாக அண்ணன் நூலகத்திலிருந்து அட்டையும் முதல் பக்கங்களும் போன ஒரு நாவலைக் கொண்டுவந்தார். பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. நாங்கள் அதற்கு ஹங்கேரி என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

ஹங்கேரியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். ஊரில் துப்பாக்கிச் சத்தம். அம்மாவை விட்டுவிட்டு அப்பாவும் அவனும் பனியில் எல்லை தாண்டி வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். ஊரில் கடிகாரம் பழுது பார்த்த அப்பா அங்கே தோல் பதனிடும் ஆலையில் ஈரத் தோல் சுமக்கிறார். பையன் பள்ளிக்கூடத்தில் அந்த நாட்டு பாஷையை நாலு மாதத்தில் பிடித்துக்கொள்கிறான். அப்பாவுக்கு அது நாக்கில் வரவில்லை. கடைக்கு, டாக்டருக்கு, போலீசுக்கு எல்லாம் பையன்தான் அப்பாவின் வாய். கூட நடக்கும்போது மட்டும் பத்தடி தள்ளி நடப்பான், அப்பாவின் மேல் தோல் நாற்றம் என்று.

அங்கேதான் எங்கள் செக்‌ஷன் இரண்டாகப் பிளந்தது.

"பத்தடி தள்ளி நடக்கறானாம். அந்தத் தோலைச் சுமந்துதானே இவனுக்குச் சோறு" என்றார் அக்கா.

"அக்கா, வயசுப் பையனுக்குக் கூச்சம் இருக்காதா? அந்த ஆளு ஒரு நாளாவது அவன்கிட்ட சிரிச்சுப் பேசியிருக்காரா?" என்றான் மைனர்.

"நீ உங்கப்பாவை மனசுல வச்சுக்கிட்டுப் பேசறே."

"நீங்க உங்க பையனை மனசுல வச்சுக்கிட்டுப் பேசறீங்க."

"ரெண்டு பேரும் ஊசிய மனசுல வச்சுக்குங்க, மணி மூணு" என்றான் மச்சான்.

அண்ணன் புத்தகத்தை மூடிவிட்டு வரிசையாகக் கேட்பார். "நீ, என்ன, சொல்றே?" மைனரை, மச்சானை, அக்காவைக் கேட்பார். என்னிடம் வந்ததும் கண் நேரே ஜன்னலுக்குப் போய்விடும். புத்தகத்தின் ஓரத்தில் முன்னால் படித்தவர்கள் பென்சிலில் எழுதியிருந்ததைக்கூட விடாமல் படிப்பார். ஒரு பக்கத்தில் "பாவம் பையன்" என்று ஒருவர். அதன் கீழே "பாவம் அப்பன்" என்று வேறு கையெழுத்து. அதற்கும் கீழே மையில், "இருவரும் பாவம்தான், நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள்." முகம் தெரியாத அந்த மூன்று பேருக்கும் இருந்த மரியாதை எனக்கு இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் அந்த விசாரணை அத்தியாயம் வந்தது.

ஆலையில் பலகை உடைந்து ஒரு தொழிலாளி சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து செத்துப்போகிறான். விசாரணைக்கு ஒரு அதிகாரி வருகிறார். பலகை உளுத்துவிட்டது என்று அப்பா முன்கூட்டியே இரண்டு தடவை மேஸ்திரியிடம் சைகை காட்டிச் சொல்லியிருக்கிறார். அதை அவர் தன் பாஷையில் விவரமாகச் சொல்கிறார். அதிகாரி பையனைத் தட்டிக்கொடுத்து, பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பையன் அப்பா பேசி முடிக்கும்வரை நின்றுவிட்டு, "இவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்" என்று மொழிபெயர்க்கிறான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறார். பழி அவர் மேல் விழுந்து வேலை போகிறது.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "பெத்தவன் பேச்சை மாத்திச் சொன்ன நாக்கு நல்லாருக்குமா?"

"பதிமூணு வயசு அவனுக்கு. அந்த ஆபீசரை விட்டுட்டீங்களே" என்று மைனர் எழுந்தே விட்டான்.

"எனக்கு ஆபீசர் மேலதான் சந்தேகம், தட்டிக்கொடுத்தான் பாரு, அங்கயே முடிஞ்சுது" என்று ஆரம்பித்த மச்சானும் ஐந்து நிமிஷத்தில் கத்த ஆரம்பித்தான். அண்ணன் ஒவ்வொருவரையும் கேட்டார். என்னிடம் வந்தார், ஜன்னலைப் பார்த்தார்.

எனக்கு உள்ளே கொதித்தது. பையன் மேல் கோபம், அந்த அப்பன் மேல் கோபம், கேட்காத இவர் மேல் கோபம். மணி மூன்றரை. நாலு மணிக்கு சீட்டுகளை எடுத்துப்போகத் தள்ளுவண்டி வந்துவிடும். மூன்றாம் நம்பர் சீட் இரண்டு ஓரம் தைக்காமல் கிடந்தது, தைக்க வேண்டியவர்கள் ஹங்கேரிக்காக அடித்துக்கொள்கிறார்கள். நான் சீட்டை இழுத்து மடியில் போட்டு, ஊசியை எடுத்து, அந்தப் பையனையே குத்துவதுபோல் இரண்டையும் தைத்து முடித்து வண்டியில் எறிந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். துணியைத் திருப்பிக் கைமடிப்பின் ஓரத்தைப் பார்த்தபோது, போன மாதம் நான் போட்ட தையல் கண்ணில் பட்டது. இடது கைத் தையல், மறு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மத்தியானம் தைத்து எறிந்த அந்த இரண்டு சீட்டும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"என்னாச்சு, பேயைப் பாத்தவன் மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேன்" என்றேன்.

காலையில் கேட் திறக்கும் முன்பே போய் நின்றேன். சீட்டுகள் முந்தின சாயங்காலமே சோதனைக்குப் போயிருந்தன. பதினோரு மணிக்கு எனக்கும் கமா அண்ணனுக்கும் மேனேஜர் அறையிலிருந்து ஆள் வந்தது.

மேனேஜர் மேஜை மேல் இரண்டு சீட்டும் கிடந்தன. சூப்பர்வைசர் விரலால் தடவிக் காட்டினார். "நம்பர் மூணு சார், இவர் நம்பர். ஆனா தையல் இடது கைத் தையல். மொத்தப் பட்டறையிலயும் இடது கை இவன் ஒருத்தன்தான். பெரியவருக்குக் கை வராதுன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்."

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். "நீங்க தச்சுக் காட்டுங்க, முடிஞ்சுது."

ஓரம் தைக்காத ஒரு சீட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் உட்கார்ந்தார். நூல் கோக்க மூன்று தடவை தவறியது. நாலாவதில் கோத்துவிட்டார். விரல் சொல்லாததைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் குத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது குத்தில் ஊசி இடது பெருவிரலுக்குள் போனது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நூலை இழுத்தார். விரலடியிலிருந்து ரத்தம் மணியாகத் திரண்டு ரெக்சினில் இறங்கியது.

மேனேஜர் போனில் இருந்தார், சூப்பர்வைசர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டைப் பிடித்துக்கொடுப்பதுபோல் குனிந்து அந்த ரத்தத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். அண்ணன் ஒரு ஜாண் தைத்து முடித்தார்.

மேனேஜர் போனை வைத்தார். "தச்சிருக்காரே. நல்லாத்தானே இருக்கு."

"அப்படின்னா இவன் ஏன் அவர் சீட்டைத் தச்சான்?" சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "அடுத்தவன் நம்பர்ல வேலை காட்டினா சஸ்பென்ஷன் சார். ரூல் இருக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "சொல்லு. ஏன் தச்சே?"

"கோவத்துல சார். யார் சீட்டுன்னு பாக்கல."

"யார் மேல கோவம்?"

பொய் சொல்ல எனக்கு வேறு ஆள் அகப்படவில்லை. "ஹங்கேரிப் பையன் மேல சார்."

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். "உங்க செக்‌ஷன்ல வெளிநாட்டு ஆள் இருக்கானா?"

"இல்லையே சார்."

"பையன்னா, என்ன வயசு?"

"பதிமூணு சார்" என்றேன், கேட்டதற்குப் பதில்.

சூப்பர்வைசர் முகத்தில் ஈ ஆடவில்லை. "பதிமூணு வயசுப் பையனைப் பட்டறைக்குள்ள விட்டிருக்கீங்களா?" என்று மேனேஜர் எழுந்துவிட்டார். "எத்தனை நாளா?"

"அது, கதை, சார்" என்றார் கமா அண்ணன்.

மேனேஜர் மெதுவாக உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதையில அவன் அப்படி என்ன பண்ணிட்டான், உனக்கு இவ்வளவு கோவம் வர?"

செக்‌ஷனில் இத்தனை மாதமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை இந்த மனுஷன் கேட்டுவிட்டார். எனக்கு நிறுத்த முடியவில்லை. விசாரணையைச் சொன்னேன், பையன் மாற்றிச் சொன்னதைச் சொன்னேன். "எல்லாரும் பையன் செஞ்சது சரியா தப்பான்னு சண்டை போடறாங்க சார். ஒருத்தரும் அந்த அப்பனைக் கவனிக்கல. அவனுக்குப் புரிஞ்சது சார். அதுக்கு ரொம்ப முன்னாடியே டிராம்ல கண்டக்டர் ஒரு ஜோக் சொல்றான், பையன் மொழிபெயர்க்கவே இல்ல, அப்பன் சிரிக்கறான். பேச வராதே தவிர காதுக்குப் புரியும். மகன் பொய் சொல்றது தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டான், பையன் மானம் போயிடும்னு. எனக்கு அவன் மேலதான் கோவம். தப்புத்தப்பாவாவது அவன் பேசியிருக்கணும். பிள்ளை தலையில அத்தனையும் ஏத்திவச்சுட்டு, பாசம்னு சும்மா இருந்துட்டான்."

கமா அண்ணன் ஊசியை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

"சார், என் கை போயிடுச்சு" என்றார். நடுவில் எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பேசினார். "விரல் மரத்து ஒரு வருஷம் ஆச்சு எனக்காக நாலு பேரும் தச்சாங்க நான் கதை படிச்சேன் இவன் மேல நடவடிக்கை எதுவும் வேண்டாம்." பிறகு என் கையை சீட்டிலிருந்து எடுத்துவிட்டு ரத்தத்தைக் காட்டினார்.

படியிறங்கும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னும் ரெண்டே மாசம் அண்ணே. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல? எனக்கு சஸ்பென்ஷன்தானே, பதினைஞ்சு நாள் வீட்ல தூங்கியிருப்பேன்."

"நீதானே, சொன்னே, பேசியிருக்கணும்னு."

"நான் புத்தகத்தைப் பத்திச் சொன்னேன்."

"நானும், அதைத்தான், கேட்டேன்" என்றார்.

மெடிக்கல் போர்டு ஒன்பதாம் நாள் கூடியது. மாதக் கடைசியோடு அவரை அனுப்பினார்கள். ஆபரேஷன் பட்டியலிலிருந்து அண்ணியின் பெயர் அடிபட்டது. இரண்டு வருஷம் கழித்துப் பொது ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது. அதற்குள் அண்ணி கைத்தாங்கல் இல்லாமல் நடப்பதை மறந்திருந்தார். அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. "அப்பன் பேசியிருக்கணுமாம். நீ பேசாம இருந்திருக்கணும்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இன்றுவரை இந்தக் கணக்கு எனக்குத் தீரவில்லை.

புத்தகத்தில் அறுபது பக்கம் பாக்கி நின்றுவிட்டது. நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பையன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான் என்று மைனர் அடித்துச் சொல்வான். கேட்டிருக்க மாட்டான் என்பார் அக்கா. இருவரும் படிக்கவில்லை.

கடைசி நாள் கமா அண்ணன் ஊசி, கத்தரிக்கோல், விரலுறை எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு எங்களிடம் வந்தார். மச்சான் எதையோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தான், நடக்கவில்லை. மேனேஜர் அறையில் தைத்துக் காட்டிய அந்த சீட் மூலையில் சாய்ந்திருந்தது. சோதனைப் பக்கம் யாரோ மீதி ஓரத்தைத் தைத்து, பலகையில் மூன்று என்று போட்டு எங்களுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தன்னுடைய அந்த ஒரு ஜாண் தையலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நூல் இளகி, ரெக்சின் வாய் திறந்து, உள்ளே ஸ்பாஞ்சு தெரிந்தது. பிறகு சீட்டை என் கையில் கொடுத்தார்.

"இது, ரோட்டுக்குப் போகும், யாராவது, உக்காருவாங்க" என்றார். "முழுசாப் பிரிச்சிடு. நீயே, உன் கையால, தை. அந்த மூணை அழிச்சிட்டு, உன் நம்பரைப் போடு."